மாடி அறைக்கு மட்டும் வேண்டாம்

அத்தியாயம் 14

குமாரபாளையத்துப் புகுந்த வீட்டிலிருந்து மைதிலி ஒற்றைப் பெட்டியோடு மல்லசமுத்திரத்துக்குத் திரும்பி வந்தபோது, "எத்தனை நாளைக்கு?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததை அன்பு என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

பழைய தீவனக் கிடங்கின் மேலிருந்த மாடி அறையை அண்ணன் சந்தோஷ்குமார் ஒழித்துக் கொடுத்தான். அம்மா குப்பாயி ஒரு கட்டிலைப் போட்டாள். அப்பா சின்னண்ணன் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே ஒரு மழைக்காலம் போய், பனிக்காலமும் போய்விட்டது.

மாசி மாதத்து அந்த வெள்ளிக்கிழமை விடிந்தபோது, மைதிலிக்கு இரண்டு காரியங்கள் கைகூடி வந்திருந்தன.

ஒன்று, வேலை. ஆஸ்பத்திரி பில்களுக்குக் குறியீடு போட்டுக் கொடுக்கும் சேலத்துக் கம்பெனி ஒன்று அவளை எடுத்திருந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். நிபந்தனை ஒன்றுதான். திங்கட்கிழமை காலை, அவள் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்திலேயே இணைப்பைச் சோதித்துப் பார்ப்பார்கள். போனிலிருந்து எடுக்கிற இணைப்பு ஆகாது. அறுபடாமல் நின்றால் வேலை, நிற்காவிட்டால் அடுத்த ஆள்.

மற்றொன்று, அண்ணனின் கோழிப்பண்ணை. ஷெட்டுகள், தீவன மில், முட்டை அடுக்கும் அறை, லாரி நிற்கும் களம், வேலைக்காரர்களின் லைன் வீடு, குடியிருக்கும் வீடு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து வைஃபை போட சந்தோஷ்குமார் முடிவு செய்திருந்தான். எந்த இடத்துக்கு எந்த மாதிரி ஆக்சஸ் பாயிண்ட், அதாவது வைஃபை அலையைப் பரப்பும் பெட்டி, வேண்டும் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பைத் தங்கையிடம் விட்டிருந்தான். கல்யாணத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டவள் அவள்.

ஒரு மாதமாகப் பண்ணையைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு சுவரின் கனத்தையும் தட்டிப் பார்த்து, எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டாள். மாடி அறைக்கென்று சின்னதாக ஒன்றைக் கடைசியில்தான் சேர்த்தாள். சேர்க்கும்போதே ஒரு கூச்சம் வந்தது. சொந்த வீட்டில் எதற்குக் கூச்சம் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, சேர்த்தாள்.

இன்று ஜெனிட்டா வந்து கடைசியாக ஒருமுறை அளந்து பார்த்துவிட்டால், பெட்டிகளுக்கு ஆர்டர் சொல்லிவிடலாம்.

ஜெனிட்டா சேலத்துக்காரி. திருச்செங்கோட்டில் மைதிலியோடு இன்ஜினியரிங் படித்தவள். இப்போது அவளும் அவள் கணவன் ஜூடும் சேர்ந்து வைஃபை போடும் இந்த வேலையைத்தான் எடுத்துச் செய்கிறார்கள். பண்ணைக் கேட்டுக்கு வெளியே காரை நிறுத்தியவளை சந்தோஷ்குமார் உள்ளே விடவில்லை.

"ஏனுங்க மேடம், நேத்து வேற எந்தப் பண்ணைக்காச்சும் போனீங்களா?"

"இல்லண்ணா. நேத்து ஒரு மண்டபம். காதுகுத்து விருந்து நடந்துட்டு இருந்துச்சு. கோழியை இலையிலதான் பாத்தேன். அதைக்கூடத் தொடலை, எங்களுக்குத் தவக்காலம்."

"சிரிப்பு இல்லீங்க. செருப்புல ஒட்டிட்டு வார சீக்குல ஒரு பேட்ச் கோழியே போயிரும்."

மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்து, பண்ணையில் கொடுத்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டுதான் ஜெனிட்டா உள்ளே வந்தாள். கையில் நீளமான ஒரு மூன்றுகால் கம்பம். அதன் உச்சியில் சோதனைக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. பையில் நீலச் சாக்பீஸ். எங்கே பெட்டி வரவேண்டுமோ அந்தச் சுவரில் ஒரு பெருக்கல் குறி போடுவது அவள் பழக்கம்.

"இத்தனை எதுக்குங்க?" என்று சந்தோஷ்குமார் மறுபடியும் ஆரம்பித்தான். "டேங்கு மேல பெருசா ஒண்ணு வெச்சாப் பத்தாதா? வீடியோவுல போடறான், ஒண்ணே ஊரையே சுத்தி அடிக்குமாமா."

போன வருடம் அப்படி ஒன்றை வாங்கித் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் அவன் மாட்டியிருந்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் போனில் பண்ணையின் பெயர் தெரிந்தது. தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் முட்டை அறையில் ஒன்றும் கிடைக்கவில்லை.

"அடிக்கும்ண்ணா, தலைக்கு மேல அடிக்கும்," என்றாள் ஜெனிட்டா. "அதோட, அது பேசறது மட்டும் போனுக்குக் கேட்டா ஆகாது. போன் பேசறதும் அதுக்குக் கேக்கணும். கோயில் நோம்பிக்குக் கட்டற குழாய் ஸ்பீக்கர் பக்கத்து ஊர் வரைக்கும் கேக்குதுங்கறதுக்காக, நீங்க இங்கிருந்து பேசினா அதுக்குக் கேக்குமா?"

சந்தோஷ்குமார் யோசிப்பவன்போலத் தலையாட்டினான். இதையே போன வாரம் மைதிலி சொன்னபோது, "உனக்கென்ன தெரியும்?" என்றிருந்தான்.

ஷெட்டில் கம்பத்தை நட்டார்கள். நடுவில் நட்டபோது இரண்டு வரிசை தள்ளிப் போனாலே சிக்னல் செத்தது. தரையிலிருந்து அடுக்கடுக்காக ஏறியிருந்த கம்பிக் கூண்டுகள் எல்லாவற்றையும் குடித்துவிட்டன.

"ரெண்டு முனைச் சுவத்துலயும் வெளிய, கூரைக்குக் கீழ ஒண்ணொண்ணு மாட்டி, நடைபாதையைப் பாத்து ஒரே திசையில அடிக்கற ஆன்டெனா வெக்கணும்ணா," என்றாள் மைதிலி. "கூண்டு வரிசைக்கு நடுவால நேராப் போயிரும். உள்ள வெச்சா எச்சத்து நெடியில செம்புக் கம்பி பச்சை புடிச்சு அரிச்சுரும். பேட்ச் மாத்தறப்ப பம்பு வெச்சுக் கழுவறோம். அதனால தண்ணி பூராத மூடின பெட்டி, கேபிள் கீழ்ப்பக்கமா உள்ள போகணும்."

அவன் ஜெனிட்டாவின் பக்கம் திரும்பினான். "அப்படிங்களா மேடம்?"

"அவ சொல்றதுதாண்ணா. நான் சாக்பீஸு புடிக்க வந்தவ."

ஜெனிட்டா தோழியைப் பார்த்துக் கண்ணடித்தாள். மைதிலிக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

களத்துக்கு மில் சுவரிலிருந்து ஒன்று. எடைமேடையும் லாரி நிற்கும் இடமும் அதில் அடங்கிவிடும். வீட்டுக்குள் கூரையில் பதிக்கிற தட்டையான பெட்டி போதும். அங்கே சுவர் புதிது, செங்கல்.

லைன் வீட்டுக்கு வந்ததும் சந்தோஷ்குமாரின் நடையே மாறியது. சிமெண்ட் ஷீட் போட்ட ஒரே வரிசை அறைகள். ஒடிசாக்காரக் குடும்பங்கள் இருந்தன. வாசலில் காய்ந்த துணிக்கு நடுவே புகுந்து அவனே முன்னால் போனான்.

"இங்கதானுங்க மொதல்ல வேணும். நல்லதாப் போடுங்க. அக்கட்ட இருக்கற பண்ணையில நெட்டு போட்டுட்டான். அங்க போறதுக்கு நாலு குடும்பம் மூட்டை கட்டீருச்சு, நான்தான் பேசி நிறுத்தி வெச்சிருக்கறேன். சாயங்காலமானா ஊருக்கு வீடியோ போடோணும். இல்லைன்னா ஒருத்தன் நிக்க மாட்டான்."

"எல்லாரும் ஒரே நேரத்துல போடுவாங்க. ஒண்ணு பத்தாதுண்ணா," என்றாள் மைதிலி.

"ரெண்டு போடு."

"ஆள் நிறைய இருக்கறப்ப தாங்கற மாதிரி கொஞ்சம் பெரிய பெட்டி..."

"கேக்கறதைக் குடு அம்முணி. இதுல கணக்குப் பாக்காத."

ஜெனிட்டா வரிசையின் இரண்டு பக்கமும் நீலக் குறி போட்டாள். அண்ணனைப் பார்க்க மைதிலிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிழைக்க வந்தவர்களின் மனசு அவனுக்குப் புரிகிறதே என்று நினைத்தாள்.

மாடி அறைக்கு அவர்கள் கடைசியாகத்தான் வந்தார்கள்.

ஜெனிட்டாதான் முதலில் ஏறினாள். ஜன்னலோரம் மைதிலி முன்பே ஒரு மேஜையைப் போட்டு வைத்திருந்தாள். மடிக்கணினி, அதன் மேல் தூசி படாமல் ஒரு துண்டு.

"இந்தச் சுவரை வெச்சுக் கோட்டை கட்டலாம்டீ," என்று ஜெனிட்டா முழங்கையால் இடித்துப் பார்த்தாள். "வீட்டுல இருக்கறது இங்க எட்டவே எட்டாது. ஆனா உள்ளங்கை அகலத்துல சுவத்துப் பெட்டி ஒண்ணு போதும். கேபிள் கிடங்கு வழியா வந்துரும்."

மேஜைக்கு மேலே குறி போட்டாள்.

படியில் கனமான காலடி கேட்டது. சந்தோஷ்குமார் வாசலில் நின்று குறியைப் பார்த்தான். பிறகு மேஜையைப் பார்த்தான். உள்ளே வந்து, உள்ளங்கையால் அந்தக் குறியை அழித்தான். சுவரில் நீலமாக ஒரு தீற்றல் மிஞ்சியது.

"இங்க வேண்டாமுங்க."

"ஏண்ணா?" என்றாள் ஜெனிட்டா.

"இது ஸ்டோர் ரூமு."

கட்டில் இருந்தது. கொடியில் மைதிலியின் துணிகள் இருந்தன. யாரும் எதையும் சுட்டிக்காட்டவில்லை.

"திங்கக்கிழமை எனக்கு வேலைண்ணா. உங்ககிட்டச் சொன்னனே."

"போன்ல பாத்துக்க."

"போன்ல ஆகாது. அதையும் சொன்னேன்."

"அப்ப வேண்டாம், விடு. இப்ப வேலைக்குப் போயித்தான் சோறு திங்கோணும்னு யாரு அழுதா?"

"லைன் வீட்டுக்கு ரெண்டு போடறீங்க, அண்ணா."

அவன் சிரித்தான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். விளையாட்டாகத்தான் சொன்னான்.

"அவிங்களுக்கு நெட்டு இல்லைன்னா போயிருவாங்க, அம்முணி. நீ எங்க போகப்போற?"

படியிறங்கிப் போய்விட்டான். கீழே யாருக்கோ போன் போட்டு, சோயாப் புண்ணாக்கு இன்னும் வரவில்லை என்று அவன் சத்தம் போடுவது கேட்டது.

 ஜெனிட்டா சாக்பீஸைப் பைக்குள் போட்டாள். திரும்ப எடுத்தாள். விரலில் ஒட்டிய நீலத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மைதிலிக்கு அழுகை வரவில்லை. வந்த நாளில் யாரும் கேட்காமல் விட்ட கேள்வியை நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்காததற்கு அன்பு காரணமில்லை. பதில் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"மைதி," என்றாள் ஜெனிட்டா மெதுவாக. "மில்லுச் சுவத்து ஆன்டெனாவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி மாட்டிடறேன். ஜன்னல் வழியா உன் மேஜைக்கு வந்துரும். உங்கண்ணனுக்கு என்ன தெரியப்போவுது?"

மைதிலி ஜன்னல் வழியே மில் சுவரைப் பார்த்தாள்.

"இல்லன்னா சேலத்துக்கு வந்துரு. என் வீட்டுல இரு."

"வந்தா, ஓடிப்போனவன்னு ஒரு பேரு வெப்பாங்க, ஜெனி. அப்புறம் இந்தக் கேட்டுக்குள்ள கால் வெக்க முடியாது. இது என்ற ஊடும்தான்."

"அப்போ திருப்பிடவா?"

"சித்த இரு."

அவள் கீழே இறங்கி வீட்டுச் சமையலறைக்குப் போனாள்.

குப்பாயி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் புள்ளைக்குக் கத்திரிக்காய்க் கொழம்பு ஆகுமில்ல? நமக்கும் வெள்ளிக்கிழமை கறி இல்ல."

"ஆகும். ஏம்மா, என் ரூமுக்கு வேண்டாங்கறாரு அண்ணன்."

"விடு கண்ணு." குப்பாயி நிமிரவில்லை. "ரெண்டு நாளுக்கு எதுக்குச் சொவுத்துல ஓட்டை?"

மைதிலிக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன ரெண்டு நாளு?"

வெங்காயத் தோல் தாயின் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உதறினாள். ஒட்டிக்கொண்டே இருந்தது.

"உங்கண்ணன் இன்னும் சொல்லலியா? ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையும் அவிங்கம்மாளும் வாராங்க. கூட்டிட்டுப் போக."

"யாரு வரச்சொன்னது?"

"நல்லபடியாத்தான் பேசுனாங்க, சாமி. மாப்பிள்ளை உம்மேல கோவமே படலை. அவருதான் உங்கண்ணங்கிட்டச் சொன்னாராமா, 'அவளுக்கு நெட்டு மட்டும் குடுக்காதீங்க மச்சான், தானா ஊடு வந்து சேர்ந்துருவா'ன்னு. அடிக்கச் சொன்னாரா, பட்டினி போடச் சொன்னாரா? எத்தனை பதனமாச் சொல்லியிருக்கறாரு பாரு."

நல்ல செய்தி சொன்ன முகத்தோடு குப்பாயி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

குமாரபாளையத்து வீட்டில் அது எப்படி நடக்கும் என்பது மைதிலிக்கு நினைவிருந்தது. சண்டை போட்ட மறுநாள் காலை கணினியைத் திறந்தால் பாஸ்வேர்டு தப்பு என்று வரும். எதிரே உட்கார்ந்து கணவன் மோகன்குமார் தோசையைப் பிட்டு வாயில் போட்டபடி பார்த்துக்கொண்டிருப்பான். குரலை உயர்த்த மாட்டான். "அம்மாகிட்டக் கேளு, சொல்லுவாங்க," என்பான். அவன் அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் புதிய பாஸ்வேர்டு கிடைக்கும். ஒரு நாள் அவள் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. அந்த வீட்டிலிருந்தபடி செய்துகொண்டிருந்த வேலை போயிற்று. வேலை போன பிறகு அவன் கை நீட்டவும் தொடங்கினான்.

அடித்ததை எல்லோருக்கும் சொன்னாள். பாஸ்வேர்டு விஷயத்தை அண்ணனிடம் மட்டும்தான் சொன்னாள். மற்றவர்களுக்கு அது அற்பமாகப் படும், அண்ணனுக்குப் புரியும் என்று நினைத்துச் சொன்னாள். அவனுக்குப் புரிந்துதான் இருக்கிறது. தங்கை சொன்னதைக் காதில் வாங்கி, எந்த இடத்தில் பிடித்தால் அவளுக்கு மூச்சு முட்டும் என்று கற்றுக்கொண்டிருக்கிறான்.

கூடத்தில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சமையலறைப் பேச்சு கூடத்துக்குக் கேட்கும். இந்த வீட்டில் மெல்லிய செங்கல் சுவர்.

மைதிலி அவர் எதிரே போய் நின்றாள்.

"அப்பா. உங்களுக்குத் தெரியுமா?"

சின்னண்ணன் மகளைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். 

"சோறு தின்னயா?" என்றார்.

"இல்லீங்கப்பா."

"தின்னு."

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள். குப்பாயி பரிமாறினாள். சந்தோஷ்குமார் ஜெனிட்டாவின் தட்டில் அப்பளம் வைக்கச் சொன்னான். அவன் மனைவி பிரீத்தி பிறந்த வீட்டுக்குப் போயிருந்ததால் அவன்தான் உபசாரம்.

"ஞாயித்துக்கிழமை ஒறம்பரை வாராங்களாமா?" என்றாள் மைதிலி.

அவன் அம்மாவைப் பார்த்தான். குப்பாயி ரசச் சட்டியைப் பார்த்தாள்.

"உன்ற நல்லதுக்குத்தான் அம்முணி. எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கறது? ஊருக்குள்ள ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லி ஆகல. மச்சான் மாறீட்டாரு."

"மாறினவருதான் அந்த யோசனையைச் சொன்னாரா?"

"எந்த யோசனை?"

அவள் சொல்லவில்லை. அவனும் திரும்பக் கேட்கவில்லை. அண்ணன் தங்கை இருவருக்கும் தெரிந்த ஒன்று சோற்றுத் தட்டுகளுக்கு நடுவே கிடந்தது. அதைத் தாண்டித் தாண்டி எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள்.

கை கழுவிவிட்டு வந்த ஜெனிட்டா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்போ... கடைசியா எது எதுன்னு சொன்னா பெட்டிக்குச் சொல்லிவிட்டுருவேன்."

"அண்ணன் சொன்னபடியே," என்றாள் மைதிலி. "மாடி அறைக்கு வேண்டாம். மத்த எதையும் மாத்தாத."

சந்தோஷ்குமாரின் தோள் தளர்ந்தது. "என்ற தங்கச்சி புரிஞ்சவ," என்றான் ஜெனிட்டாவிடம்.

வெளியே வந்ததும் ஜெனிட்டா அவள் கையைப் பிடித்தாள். "மில்லு ஆன்டெனாவை நான் பாத்துக்கறேன். நீ கவலைப்படாத."

"வேண்டாம். அது லாரி நிக்கற பக்கமே இருக்கட்டும். நீ தெரியாமத் திருப்பினா, அவரு தெரிஞ்சுக்கிட்டுத் திருப்பறதுக்கு எத்தனை நேரம் ஆகும்? ஒவ்வொரு நாளும் அந்தச் சுவத்தைப் பாத்துப் பயந்துக்கிட்டு என்னால உக்கார முடியாது, ஜெனி."

"பின்ன என்னடீ பண்ணுவே?"

"உன் கார்ல சோதனைப் பெட்டி இன்னொண்ணு இருக்குதில்ல? லைன் வீட்டுக்கு இன்னைக்கே போட முடியுமா?"

ஜெனிட்டா அவளை உற்றுப் பார்த்தாள். "மில்லுக்கு நெட் லைன் ஏற்கெனவே இருக்கு, அங்கிருந்து கேபிள் இழுத்துடலாம். ஆனா உங்கண்ணன்..."

"நீயே அவரைக் கேளு."

கேட்டபோது சந்தோஷ்குமாருக்கு வாயெல்லாம் பல். "இன்னைக்கேவா? போடுங்க மேடம், போடுங்க. நாலு குடும்பமும் சாயங்காலத்துக்குள்ள மூட்டையைப் பிரிச்சுரும்."

ஜெனிட்டா ஏணி போட்டு ஏறி, கேபிள் இழுத்து, சுவரில் ஒரு பெட்டியை மாட்டி முடித்தாள். சிறிய விளக்கு நீலமாக நின்று எரிந்தது. வேலை முடிந்து வந்தவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்கள்.

அப்போதுதான் மைதிலி மாடியிலிருந்து மேஜையை இறக்கினாள்.

ஒற்றை ஆளாகத்தான் இறக்கினாள். படியில் இரண்டு இடத்தில் இடித்தது. களத்தில், வெயிலில், லாரியில் முட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்களின் கண்ணுக்கு முன்னால், அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஆள் வருவதும் போவதுமாக இருக்கிற வரிசை அந்த லைன் வீடு. எப்போதும் ஒரு அறை காலியாகத்தான் இருக்கும். காலி அறைக்குள் மேஜையை வைத்துவிட்டுத் திரும்பிப் போய்க் கணினியை எடுத்து வந்தாள். பிறகு பாய், துணிப்பெட்டி.

கடைசி நடையின்போது சந்தோஷ்குமார் குறுக்கே வந்து நின்றான்.

"என்ன பண்ற?"

"குடி போறேன்."

"எங்க?"

"நெட்டு இருக்கற எடத்துக்கு."

அவன் முகம் மெல்ல மெல்லக் கறுத்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றதால் குரலைத் தாழ்த்தினான். "ஒடியாக்காரன் லைன்ல சின்னண்ணன் மக குடியிருக்கறான்னு நாளைக்கு மல்லசமுத்திரமே பேசும். தெரியுமில்ல?"

"பேசட்டும்."

"நாளைக்கு நீ வந்து என்ற கால்ல விழுந்தாக்கூட..."

"நீங்கதானண்ணா கேட்டீங்க, எங்க போகப்போறன்னு. இங்கதான்."

"இப்பவே அந்தப் பெட்டியைக் கழட்டி வீசறனா இல்லையா பாரு."

"வீசுங்க."

அவன் சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தான். வாசல்களில் போனோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். ஒருவன் ஊரிலிருக்கும் யாரிடமோ குழந்தையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். சந்தோஷ்குமார் பெட்டியின் பக்கம் கையை நீட்டவில்லை. அவனால் முடியாது என்று அவனுக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

ஜெனிட்டா காரில் ஏறினாள். கண்ணாடியை இறக்கி, கையை மட்டும் நீட்டி மைதிலியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

ஜெயித்ததுபோல இருக்கும் என்று மைதிலி நினைத்திருந்தாள். அப்படி இருக்கவில்லை.

ஷீட் கூரை வெயிலை அப்படியே உள்ளே இறக்கியது. ஷெட்டின் நெடி கண்ணை எரித்தது. அடுத்த அறைப் பெண்ணைப் பார்த்து அவள் சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கொடியில் இருந்த துணிகளை அவசரமாகச் சுருட்டிக்கொண்டு, குழந்தையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். வரிசை முழுவதும் பேச்சு நின்றுபோனது. போன்களில் சத்தம் குறைந்தது.

முதலாளியின் தங்கை வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். வேறு எப்படி நினைக்க முடியும்? அவளுக்கு அவர்கள் மொழி தெரியாது. தெரிந்திருந்தாலும், பக்கத்திலேயே பெரிய வீடு இருக்க, அதில் தனக்கு இடமில்லை என்று எந்த மொழியில் சொன்னால் நம்புவார்கள்?

அப்பா ஷெட்டுப் பக்கம் போகிறவர்போல அந்த வழியாக வந்தார். அறை வாசலில் ஒரு கணம் நின்றார். உள்ளே இருந்த மேஜையைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். செருப்பைத் தரையில் தேய்த்தபடி அப்படியே நடந்து போய்விட்டார்.

மைதிலி கணினியைத் திறந்தாள். இணைப்பு முழுசாக வந்தது. சோதித்துப் பார்த்தாள். அறுபடவில்லை. திங்கட்கிழமை நிச்சயம் நிற்கும்.

இடையில் ஞாயிற்றுக்கிழமை இருந்தது. ஞாயிறைப் பற்றி அவள் யோசிக்கத் தொடங்கியபோதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனின் குரல் கேட்டது. அவள் காதில் விழும் என்று அவன் நினைக்கவில்லை. விழட்டும் என்றும் நினைத்திருக்கலாம்.

"ஆமாங்க மச்சான்... இல்லீங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஆகாது. மானமே போயிரும். இன்னைக்கே கெளம்பி வாங்க. ...ஆமாங்க, கூட ரெண்டு ஆளையும் கூட்டிட்டு வாங்க. கத்தினாக் கத்தட்டும். எங்கூட்டுல இருந்து யாரும் குறுக்க வரமாட்டோமுங்க. ...அம்மாவா? அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். அப்பா எதுவும் கேக்க மாட்டாரு."

காலடிகள் வீட்டுப் பக்கம் போய்த் தேய்ந்தன.

குமாரபாளையத்திலிருந்து மல்லசமுத்திரம் அப்படியொன்றும் தூரமில்லை. மைதிலி எழுந்தாள். நிதானமாகத்தான் எழுந்தாள். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளுக்காகக் கையை மேலே கொண்டுபோனாள். கை வெறும் பலகையில் பட்டது. கீழே தடவினாள், நடுவில் தடவினாள்.

உள்பக்கத்தில் தாழ்ப்பாளே இல்லை.

வெளியே மட்டும்தான் கொண்டி இருந்தது. பூட்டுப் போட்டு ஆளை ஊருக்கு அனுப்பவும், அடுத்த ஆளுக்குத் திறந்துவிடவும் அது போதும். குடியிருப்பவர்கள் உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும் என்று இந்தப் பண்ணையில் யாரும் நினைத்ததில்லை. இதே சுவருக்கு எந்தப் பெட்டி வேண்டும் என்று ஒரு மாதமாக யோசித்த அவளும் இந்தக் கதவைப் பார்த்ததில்லை.

மேஜையை இழுத்துக் கதவோடு சேர்த்து வைத்தாள். அதன் மேல் கணினி திறந்தபடி இருந்தது. பிறகு அதன் எதிரே, தரையில், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள்.